ஒகேனக்கல் பரிசலும் மீன் சமையலும்: மண்டியா விருந்தாளிகளோடு போன அனுபவம்

எனக்குப் பாப்பாரப்பட்டி பக்கம் ஒரு கிராமம். ஆடிப்பெருக்கானாலும் பதினாறாம் நாள் காரியமானாலும் ஒகேனக்கல்தான் போவோம். ஆனால் காசு கொடுத்துப் பரிசல் ஏறியது, போன ஜனவரியோடு சேர்த்து இரண்டே தடவை.

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளோடு அறையில் தங்கியிருக்கும் பெண்ணுக்குக் கர்நாடகத்தில் மண்டியா பக்கம் ஊர், கரும்பு விவசாயக் குடும்பம். அந்தப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் அருவி பார்க்க ஆசைப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினார்கள். வருகிறார்கள் என்றதும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. 2016 செப்டம்பரில் மகள் பெங்களூரில் கல்லூரி முதல் வருஷம். காவிரிக் கலவரத்தில் பஸ்ஸெல்லாம் நின்றுபோய், கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு, தமிழ்நாட்டுப் பக்கம் ஜூஜூவாடி வரை நடந்தே வந்தாள். "போன் பண்ணாதேம்மா, இங்கே தமிழ்ல பேச முடியாது" என்று அவள் அனுப்பிய மெசேஜை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சரி, முதலில் பரிசல். வார நாளில் போனதால் கூட்டம் இல்லை. கிளம்பும் முன் நீர்வரத்து எவ்வளவு என்று செய்தியில் பார்த்துவிடுங்கள். தண்ணீர் கூடினால் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடுவார்கள். எங்களை ஒருவர் வழியிலேயே மடக்கித் தனியாகப் பணம் கேட்டார். வேண்டாம் என்று நகர்ந்து, டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் ஏறினோம். அப்புறம் கிடைத்த பரிசல்காரர் தங்கமான மனிதர். லைஃப் ஜாக்கெட்டை அவரே மாட்டி, பட்டையை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏற்றினார். ஜாக்கெட் ஈரம் காயாமல் நாறியது, அது ஒன்றுதான் குறை.

மகளும் அவள் தோழியும் வேறு பரிசலில் ஏறிக்கொண்டார்கள். எங்கள் பரிசலில் நானும் வீட்டுக்காரரும், எதிரே மண்டியா அண்ணனும் அக்காவும். முட்டியோடு முட்டி இடிக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் கிடையாது. தொம்பச்சிக்கல் பக்கம் பாறைகள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி எழும்பியதும், "சுத்தட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பரிசல்காரர் தட்டாமாலை சுற்றினார். அந்த அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தவர், நின்ற பிறகும் விடவில்லை.

பரிசல்காரருக்குக் கன்னடமும் தண்ணீர் பட்ட பாடு. "இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கர்நாடகா. எங்க அக்காவை அங்கேதான் கட்டிக் குடுத்திருக்கோம்" என்றார். அண்ணன் தண்ணீரில் கையை விட்டபடி, இது எங்கள் கே.ஆர்.எஸ். அணைத் தண்ணீரா என்று கேட்டார். "கே.ஆர்.எஸ். தண்ணியும் இருக்கு, கபினி தண்ணியும் இருக்கு, வழியில பேஞ்ச மழையும் இருக்குங்க. மேலே பிலிகுண்டுலுல அளக்குறாங்க" என்று பதில் வந்தது. பிலிகுண்டுலு என்ற பேரை அண்ணன் டி.வி.யில் மட்டும்தான் கேட்டிருக்கிறார். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி கர்நாடகம் தர வேண்டிய வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீரைக் கணக்குப் பார்ப்பது அங்கேதான். அது வெறும் நீர் அளக்கும் இடம்தான்; ஒரு பெரிய அணையாக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தாராம்.

அடுத்து சாப்பாடு. மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் அங்கேயே அடுப்பு வைத்திருக்கும் பெண்கள் சமைத்துத் தருவார்கள். நாங்கள் கட்லாவும் கெளுத்தியும் வாங்கினோம். அந்த அம்மா மசாலாவைக் கண் முன்னால் பிசைந்து, விறகடுப்பில் வறுத்தார். காரம் தூக்கல், ஆனால் அருமை. எண்ணெயையும் நம் முன்னால் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து கேழ்வரகுக் களி கொண்டுபோயிருந்தேன். தூக்கைத் திறந்ததும் அண்ணன், "முத்தே!" என்று களியின் கன்னடப் பேரைச் சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்கினார். எங்கள் மாமனார் சாப்பிட்டதும் அப்படித்தான்.

அப்போதுதான் அந்த அக்கா என் வாயைப் பார்த்து, வெற்றிலை அதிகம் போடுவீர்களா என்று கேட்டார். நான் வெற்றிலையே தொடுவதில்லை. என் பல்லில் இருப்பது ஃப்ளோரைடு கறை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அது இருந்தது. பல் முளைக்கும் வயதில் குடித்துவிட்டால் சாகும் வரை போகாது. போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொள்வது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம். மாமனார் கடைசிக் காலத்தில் முதுகு வளைந்து நிமிர முடியாமல் கிடந்தார். அதுவும் இந்தத் தண்ணீரால்தான் என்றார்கள். அரைகுறைக் கன்னடத்தில் இதையெல்லாம் சொன்னேன். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தது, அதற்குப் பிறகு பிறந்த என் கொழுந்தனார் பேரனுக்குப் பல் பளிச்சென்று இருக்கிறது என்றும் சொன்னேன்.

அண்ணன் கையில் எடுத்த களியை இலையிலேயே வைத்துவிட்டார். 2008இல் இந்தத் திட்டத்தை எதிர்த்துக் கர்நாடகத்தில் போராட்டம் நடந்தபோது லாரியில் ஏறிப் போய்க் கோஷம் போட்டவர்களில் அவரும் ஒருவராம். "நீரு அந்தரு, ஹல்லு அன்னலில்ல" என்றார். தண்ணீர் என்றார்கள், பல் என்று யாரும் சொல்லவில்லை.

2016ஐப் பற்றி என் வீட்டுக்காரர்தான் கேட்டார். அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வராமல் இரண்டு ஏக்கர் கரும்பு நின்றபடியே காய்ந்ததாம். அணையிலிருந்து தண்ணீர் கீழே போவதை டி.வி.யில் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாராம். மகள் நடந்து வந்த ராத்திரியை நான் சொன்னேன். எங்கள் பக்கத்திலும் அப்போது கர்நாடக வண்டிகளை மறித்தார்கள், அதையும் மறைக்காமல் சொன்னேன். 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் காவிரிக் குடும்பம் என்று கூடிப் பேசினார்கள், ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் அதைச் சொன்னதும், தன் வயலைப் பார்க்க வரச் சொன்னார் அண்ணன்.

பரிசலுக்கு ஐந்துக்கு நாலரை, சமையலுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். துணி மாற்றச் சுத்தமான இடம் கிடைக்கவில்லை. பெண்கள் உங்கள் ஏற்பாட்டோடு போங்கள்.

மறுநாள் காலை கிளம்பும்போது அண்ணன் எங்கள் வாசல் குழாயைத் திறந்து, ஒரு கை குடித்துவிட்டு, தன் பாட்டிலையும் நிரப்பிக்கொண்டார். மண்டியாவுக்கு எங்களை மாசி மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். மீன் வறுத்துத் தந்த அந்த அம்மாவிடம் கால் கிலோ மசாலா வாங்கி வரும்படி அக்கா இரண்டு தடவை போனில் ஞாபகப்படுத்திவிட்டார்.