நகல் எடுப்பது எளிது, கழற்றுவதுதான் கடினம்

கடலூர் முதுநகரில் அத்தை வீட்டில் கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுடுவார்கள். அச்சை மாவில் தோய்க்க யாராலும் முடியும். எண்ணெயில் இறக்கியபின் முறுக்கு அச்சை விட்டுக் கழல வேண்டுமே, அதில்தான் கைப்பக்குவம். அச்சு சூடேறும்வரை முதல் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும்.

உயிர் தோன்றிய கதைக்குப் போட்டியிடும் கருதுகோள்களையும் நான் இப்படித்தான் எடைபோடுகிறேன். ஒரு மூலக்கூறு தன்னை நகலெடுத்தது, சரி. நகல் எப்படிக் கழன்றது?

முன்னணியில் இருப்பது ஆர்என்ஏ, டிஎன்ஏவுக்கு நெருங்கிய சொந்தமான மூலக்கூறு. 'ஆர்என்ஏ உலகம்' என்று 1986இல் பெயர் வைத்தவர் உயிர்வேதியியலாளர் வால்ட்டர் கில்பர்ட். தகவலைச் சுமப்பதும் அதுவே, வினையை நடத்துவதும் அதுவே. ஒரு செல் உயிரி ஒன்றின் ஆர்என்ஏ, புரதத்தின் துணையில்லாமல் தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்வதை 1982இல் தாமஸ் செக் குழு காட்டியது. இன்றும் நம் உடலில் புரதம் கோக்கும் ரைபோசோமின் மையத்தில் அந்த வேலையைச் செய்வது ஆர்என்ஏதான். ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் வெங்கி ராமகிருஷ்ணன் நம் சிதம்பரத்தில் பிறந்தவர். (ஊர்ப்பாசத்தில் கணக்கை மாற்றக்கூடாது: ரைபோசோமின் இரண்டு துண்டுகளில் அவர் அமைப்பைக் கண்டது சிறியதில், புரதம் கோக்கும் இடம் பெரியதில் இருக்கிறது.)

இவ்வளவு இருந்தும் அச்சில் ஒட்டும் சிக்கல் தீரவில்லை. 1986இல் வேதியியலாளர் ஃபான் கீட்ரோவ்ஸ்கி ஆறே எழுத்துள்ள (எழுத்து என்பது இழையின் ஒரு கண்ணி) ஒரு டிஎன்ஏ துணுக்கைத் தானே நகலெடுக்க வைத்தார். பிறந்த நகல் அச்சோடு ஒட்டிக்கொண்டது. வட்டிக்கு வட்டியாகப் பெருக வேண்டியது தவழ்ந்து தவழ்ந்து வளர்ந்தது. இழை நீள நீளப் பிடியும் இறுகும்.

அடுத்த கட்சி, முதலில் வந்தது வளர்சிதை மாற்றம், அதாவது ஆற்றலைப் பெற்று உடலைக் கட்டும் வேதிவினைகள், என்கிறது. இரும்பு, கந்தகத் தாதுக்களின் மேல் வினைச் சுழற்சி தொடங்கியது என்று 1988இல் எழுதினார் வேதியியலாளர் வாக்டர்ஷாய்சர். 2000இல் அட்லாண்டிக் அடியில் 'லாஸ்ட் சிட்டி' என்ற காரநீர் ஊற்றுகள் கிடைத்ததும் இந்தக் கட்சிக்குத் தெம்பு வந்தது. ஆற்றலுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் அடுப்பு எரிகிறதே தவிர, அச்சைக் காணோம்.

களிமண் படிகங்களே முதல் மரபணு என்ற கெய்ன்ஸ்-ஸ்மித்தின் யோசனை அழகானது, சோதனையில் நிற்கவில்லை. களிமண் உதவியாளாக நன்றாக உழைக்கும், அவ்வளவுதான். 1996இல் ஃபெர்ரிஸ் குழு மான்ட்மோரில்லோனைட் களிமண்ணின் மேல் ஐம்பது எழுத்துவரை நீண்ட ஆர்என்ஏ சரங்களை வளர்த்தது.

என் ஓட்டு ஆர்என்ஏவுக்கு, அதுவும் நனைந்து காயும் குட்டைக்கு. நீர் வற்றும்போது துண்டுகள் கோத்துக்கொள்ளும், சூடேறும்போது இழைகள் பிரியும். மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தால் இது நடக்கும் இடம் இதுதான் என்று தோன்றும். ஆனால் உப்பு கூடினால் இழைகள் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே உப்பங்கழி உதவாது. எரிமலை நிலத்து மழைநீர்க் குட்டை வேண்டும்.

ஊற்றுக் கட்சியிடமும் ஒரு நல்ல பதில் இருக்கிறது. பாறைத் துளையில் ஒருபுறம் சூடு, மறுபுறம் குளிர். நீர் சுழலச் சுழல இழைகள் சூட்டில் பிரிந்து குளிரில் மறுபடி சேரும். அதைக் கேட்கும்போதெல்லாம் என் ஓட்டு கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது.