பில்லில் 0டபிள்யூ-20, என்ஜினில் 20டபிள்யூ-50

எங்கள் வீட்டு ஹோண்டா பிரியோ 2014 மாடல், பெட்ரோல். கம்பெனி சர்வீஸை விட்டுவிட்டு இரண்டு வருடமாகத் திருச்சியில் ஒரு வெளி ஒர்க்‌ஷாப்பில்தான் கொடுத்து வந்தேன். போன மாதம் என்ஜின் ஆயில் மாற்றக் கொடுத்தேன். கையேட்டில் இந்த வண்டிக்குச் சொல்லியிருப்பது 0டபிள்யூ-20 கிரேடு. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆபீஸ் கிளம்பியது முதல் தப்பு.

மதியம் போன் வந்தது. "சார், ஆயில், ஃபில்டர் ரெண்டும் மாத்தியாச்சு."

"20 தானே ஊத்தினீங்க?"

"ஆமா சார், 20 தான்."

இப்படிக் கேட்டது இரண்டாவது தப்பு. பில்லில் '0டபிள்யூ-20 ஃபுல்லி சிந்தெடிக், 4 லிட்டர், ரூ.2,600' என்று தெளிவாக இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வு பக்கம் டிக் டிக்கென்று ஒரு சத்தம். மூன்று நான்கு விநாடியில் அடங்கிவிட்டது. பிக்கப்பும் கொஞ்சம் மந்தம். ஊருக்குள் 15 கொடுத்த வண்டி 13.5க்கு வந்தது. டிராஃபிக், ஏசி என்று ஆயிரம் காரணம் இருக்கும், பாரம் முழுவதையும் ஆயில் மேல் போட மாட்டேன். நானும் பெட்ரோல் பங்க்கைத்தான் ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டருக்கு மேலே கம்பியில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், அடுத்த சர்வீஸ். அதற்குக் கீழே பால்பாயின்ட் பேனாவில், எண்ணெய்க் கறை படிந்த கட்டைவிரல் ரேகைக்குப் பக்கத்தில், '20-50'. பில் போட்டவருக்கு இருந்த சாமர்த்தியம் அட்டை எழுதிய பையனுக்கு இல்லை, பாவம்.

அந்த '20' என்ற எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண், குளிர்ந்த என்ஜினில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்வது. டபிள்யூ என்றால் வின்டர். பின்னால் வருவது, சூடான என்ஜினில் அதன் கெட்டித்தன்மை. 100 டிகிரியில் 20 கிரேடு ஆயிலின் கெட்டித்தன்மை, சென்டிஸ்டோக் என்ற அளவில், 6.9க்கு மேல், 9.3க்குள். 50 கிரேடுக்கு அதுவே 16.3இல்தான் தொடங்குகிறது. இரண்டு டப்பாவிலும் '20' இருக்கிறது, ஆனால் இரண்டும் வேறு வேறு சரக்கு. "20 தானே?" என்று கேட்டால் ஒருவர் பொய்யே சொல்லாமல் ஏமாற்றிவிடலாம்.

அட்டையோடு போய் நின்றேன். ஓனர் அசரவில்லை. "சார், 0டபிள்யூ எல்லாம் பனி பெய்ற ஊருக்கு. நம்ம வெயிலுக்கு அது தண்ணி மாதிரி ஓடும். கெட்டியா இருந்தாத்தான் என்ஜின் நிக்கும்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, நானே ஒரு காலத்தில் நம்பியதுதான். ஆனால் ஓடி சூடான என்ஜினில் கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, 90 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது தெர்மோஸ்டாட். வெளியே 30ஆ 40ஆ என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை. திருச்சியின் 28 டிகிரி காலையில்கூட ஆயில் தன் வேலைக்கு வேண்டியதைவிடக் கெட்டியாகத்தான் இருக்கும். அந்தக் காலைச் சூட்டில் 20டபிள்யூ-50, 0டபிள்யூ-20ஐவிட மூன்று மடங்குக்கும் மேல் கெட்டி. மேலே ஏறி வால்வுகளை எட்ட அதற்கு நேரம் பிடிக்கிறது, அதுதான் அந்த டிக் டிக். போதாததற்கு பிரியோவில் இருக்கும் ஐ-விடெக் என்ஜினில் வால்வு இயக்கம் மாறுவதே ஆயில் பிரஷரில்தான். பழைய, ஆயில் குடிக்கிற என்ஜினுக்கு ஒரு படி கெட்டியாக 5டபிள்யூ-30 போடுகிறவர்கள் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. 0டபிள்யூ-20லிருந்து ஒரே தாவலில் 20டபிள்யூ-50க்குப் போவது வேறு கதை.

சரி, அவர் நம்பிக்கை அவருக்கு. அப்படியென்றால் பில்லில் ஏன் 0டபிள்யூ-20 விலை? இதற்கு மட்டும் பதில் வரவில்லை. "அடுத்த சர்வீஸ் லேபர் ஃப்ரீயா பண்ணித் தர்றேன் சார்" என்றார். பேரலில் இருந்து அளந்து ஊற்றினார்களாம், அதையும் அந்தப் பையன்தான் சொன்னான். "தம்பி, நீ உள்ள போ" என்று அவனை விரட்டிவிட்டார்.

வேறு இடத்தில் ஆயிலும் ஃபில்டரும் திரும்ப மாற்றினேன். இந்த முறை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கையேட்டைத் திறந்து கிரேடை முழுதாகக் காட்டினேன், சீலை என் எதிரில் உடைக்கச் சொன்னேன், டிப்ஸ்டிக்கைத் துடைத்து நானே பார்த்தேன். காலி கேனையும் விட்டுவரவில்லை. நல்ல கேனில் வேறு ஆயிலை நிரப்பி விற்க ஆள் இருக்கிறார்கள், அதனால் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் குப்பையில் போட்டேன்.

காலைச் சத்தம் போய்விட்டது. 2,600 ரூபாய் இன்னும் வரவில்லை. பில்லையும் மஞ்சள் அட்டையையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்து, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.