மலைவீட்டில் மாடல் ரயில்: எச்ஓவா, என்-ஸ்கேலா?

நாலுக்கு இரண்டு அடிப் பலகை. அதில் நம் நீலகிரி மலை ரயில் பாதையின் கேத்தி ஸ்டேஷன், பின்னால் ஒரு தேயிலைச் சரிவு, நிற்காமல் சுற்றிவரும் ரயில். இதை என்-ஸ்கேல் என்ற சிறிய மாடல் அளவில் செய்யலாம். அதைவிடப் பெரிய எச்ஓ அளவில் செய்ய முடியாது. எச்ஓ என்பது உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அதன் வழக்கமான சிறிய வளைவே 360 மி.மீ. ஆரம்; ஓரத்துக்கு ஐந்தைந்து செ.மீ. விட்டால் பலகையின் அகலம் 82 செ.மீ. ஆகிவிடும். என்-ஸ்கேல் 160-இல் ஒரு பங்கு, இடைவெளி 9 மி.மீ. காட்டோ கம்பெனியின் 249 மி.மீ. ஆர வளைவு இரண்டடிக்குள் தாராளமாக உட்காரும். எட்டுக்கு நாலு பிளைவுட்டை நாலாக அறுத்தால் கிடைக்கும் ஒரு துண்டு அதற்குப் போதும்.

இடத்தைவிட ஏற்றம்தான் முக்கியம். நம் மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தால் நடுவிலுள்ள பல்தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. அங்கே சரிவு 12-க்கு 1. குன்னூருக்கு மேல் வெறும் சக்கரம்தான், 25-க்கு 1, அதாவது நூற்றுக்கு 4. மாடல் எஞ்சின் இரண்டு மூன்று பெட்டிகளோடு நூற்றுக்கு 3 வரை நம்பி ஏறும். 4 வைத்தால் வளைவில் சக்கரம் வழுக்கும், ஏனென்றால் வளைவின் இழுவையும் ஏற்றத்தோடு சேர்ந்துகொள்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதை போக எச்ஓவில் 8 செ.மீ. உயரம் வேண்டும், நூற்றுக்கு 3 என்றால் 2.7 மீட்டர் ஓட வேண்டும். என்-ஸ்கேலில் 4.5 செ.மீ. உயரம், 1.5 மீட்டர் ஓட்டம். நாலுக்கு இரண்டு பலகையில் ஒரு முழுச் சுற்றே 2.8 மீட்டர்தான். ஏறி இறங்க இது பத்தாது, ஏற மட்டும் போதும். அதனால் சுற்றுப்பாதையில் பாதை பிரியும் ஒரு பாயின்ட் வைத்து, அங்கிருந்து ஏறும் கிளையை மேலே ஊட்டி ஸ்டேஷனில் முடித்துவிடுங்கள். உண்மையிலும் பாதை அங்கேதான் முடிகிறது. சரிவு தொடங்கும் முதல் 15 செ.மீ. மட்டும் நூற்றுக்கு 1 ஆக இருக்கட்டும். திடீரென்று மடித்தால் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் கழன்றுவிடும், எஞ்சினின் முன்தகடு தண்டவாளத்தில் உரசும். பல்சக்கரமே வேண்டும் என்பவர்களுக்கு ஃபிளைஷ்மான் கம்பெனி இரண்டு அளவிலும் பல்சக்கர ரயில் செய்திருக்கிறது, ஆனால் அவை ஐரோப்பிய எஞ்சின்கள்.

குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறதல்லவா, அதை மாடலில் காட்டும்போது எடை குறைந்த பெட்டி வளைவில் எகிறிவிடும். 12 செ.மீ. நீள என்-ஸ்கேல் பெட்டி 34 கிராம், 20 செ.மீ. எச்ஓ பெட்டி 140 கிராம் இருந்தால் நிற்கும். குறைந்தால் பெட்டியின் அடித்தளத்தில், இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கும் நடுவே ஈயத் துண்டு ஒட்டுங்கள்; கூரையில் ஒட்டினால் சாய்ந்துவிடும்.

பார்வைக்கு எச்ஓ ஜெயிக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. ஜன்னல் சட்டமும் படிக்கட்டும் என்-ஸ்கேலில் கீறல் அளவுதான். நம் பாதை மீட்டர் கேஜ் என்பதால் இரண்டிலுமே தண்டவாளம் அகலமாகத் தெரியும். சரியான விகிதம் வேண்டுமென்றால் 12 மி.மீ. இடைவெளியுள்ள எச்ஓஎம் அளவு, பெமோ கம்பெனி சுவிஸ் மலை ரயில்களை அதில் செய்கிறது, விலைதான் கடுமை. மலையைக் காட்டும் விஷயத்தில் நிலைமை தலைகீழ். நூறடிக் கற்பூர மரம் எச்ஓவில் 35 செ.மீ. உயரம் நிற்கும், அதன் பக்கத்தில் மலை மேடாகிவிடும். என்-ஸ்கேலில் அதே மரம் 19 செ.மீ.தான். தேயிலைச் செடி 5 மி.மீ. உயரம், பச்சைச் சாயம் ஏற்றிய ஸ்பாஞ்சை மேல்பக்கம் தட்டையாக வெட்டி, நடுவே ஒற்றையடிப் பாதைக்குக் கோடு விட்டு ஒட்டினால் கவாத்து செய்த தோட்டம் அப்படியே வந்துவிடும்.

எந்த அளவை எடுத்தாலும் இங்கே முதல் எதிரி ஈரம்தான். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை வாங்கவே வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் ஓரம் உப்பிவிடும். தண்ணீர் புகாத பிடபிள்யூபி ரக பிளைவுட் தாங்கும், ஆனால் மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் அடிப்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளைந்துபோகும். அறுத்த விளிம்பு உட்பட ஆறு முகத்துக்கும் பிரைமர் அடிக்க வேண்டும். எங்கள் தேர்வு 6 மி.மீ. பிளைவுட் மேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டி ஃபோம் ஷீட். தண்ணீர் குடிக்காது, கத்தியால் பள்ளத்தாக்கு செதுக்கலாம், எடையும் இல்லை. தெர்மாகோல் மணிமணியாக உதிரும், அது வேண்டாம். ரப்பர் பசை இரண்டையும் கரைத்துவிடும். இரண்டு எக்ஸ்பிஎஸ் ஷீட்டுகளுக்கு நடுவே ஃபெவிகால் தடவினால் காற்றுப் போகாமல் வாரக்கணக்கில் காயாது. அங்கே ஃபோமுக்கான பசைதான்.

தண்டவாளத்தடியில் ஜல்லி ஒட்டும் வேலையைத் தை முதல் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். ஃபெவிகாலும் தண்ணீரும் சமபங்கு, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி மழையில் இதைச் செய்தால் காயும் முன்பே வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். வடித்த தேயிலைத்தூளைக் காட்டுத் தரைக்குத் தூவுபவர்கள் அதை வாணலியில் ஈரம் போக வறுத்த பிறகே தூவ வேண்டும்.

தண்டவாளம் நிக்கல் சில்வராக இருக்கட்டும். பித்தளை சீக்கிரம் கறுத்து மின்சாரத்தைத் தடுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்கு தங்கும். என்-ஸ்கேல் எஞ்சின் எடை குறைவு என்பதால் அந்த அழுக்கிலேயே நின்றுவிடும். மூன்றடிக்கு ஒரு மின் இணைப்புக் கம்பி கொடுங்கள்.

சுற்றுப்பாதையே வேண்டாம், சுவரோரம் ஆறடிக்கு ஓரடிப் பலகை போதும் என்பவர்கள் மட்டும் தயங்காமல் எச்ஓ எடுக்கலாம். 18 செ.மீ. பாயின்ட் இரண்டு வைத்தாலும் நடுவில் எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் நிற்கும் அளவுக்கு, பிரிந்து மறுபடி சேரும் லூப் லைன் கிடைக்கும். எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலைக்கு, கையில் பிடிக்க வாகான எச்ஓ கப்ளிங்தான் சௌகரியம்.