வேர் உன்னைச் சுமக்கிறது: இஸ்ரவேலின் உடன்படிக்கையும் கிறிஸ்தவப் பார்வைகளும்

ஆபிரகாமோடு தேவன் செய்த உடன்படிக்கை இன்றும் நிற்கிறதா? இயேசுவை மேசியாவாக ஏற்காத யூதருக்கு இரட்சிப்பு உண்டா? தனித்தனியே கேட்டால் இரண்டுக்கும் எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். சேர்த்துக் கேட்டால்தான் சிக்கல் தெரியும்.

இஸ்ரவேலின் இடத்துக்குச் சபை வந்துவிட்டது என்பது மிகப் பழைய பதில். கிறிஸ்தவர்களே மெய்யான ஆவிக்குரிய இஸ்ரவேல் என்று 2ஆம் நூற்றாண்டிலேயே ஆதிச் சபை எழுத்தாளர் ஜஸ்டின் மார்ட்டர் எழுதினார். கிறிஸ்துவே ஒரே வழி என்பதை இந்தப் பார்வை உறுதியாகக் காக்கிறது. எபிரெயர் 8ஆம் அதிகாரமும் முதல் உடன்படிக்கை பழமையாகிவிட்டது என்கிறது. ஆனால் அந்த அதிகாரம் மேற்கோள் காட்டும் எரேமியா 31ஐத் திறந்து பாருங்கள். புது உடன்படிக்கை செய்யப்படுவதே இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும்தான். சில வசனங்கள் தள்ளி, சூரிய சந்திர நியமங்கள் ஒழிந்தால்தான் இஸ்ரவேல் ஒரு ஜாதியாக இராமல் போகும் என்கிறார் கர்த்தர். வாக்குறுதியை எடுத்துக்கொண்டு, அதைப் பெற்றவர்களை வெளியே நிறுத்துவது எப்படி நியாயமாகும்? இப்படி நம்பிய எல்லாரும் வெறுப்பைப் போதிக்கவில்லை. ஆனாலும் 'தள்ளப்பட்ட ஜனம்' என்ற எண்ணம் வெறுப்புக்கு நிலத்தைப் பண்படுத்திக் கொடுத்தது. யூதரின் ஜெபாலயங்களைக் கொளுத்தும்படி 1543இல் மார்ட்டின் லூத்தர் எழுதியதை வலியில்லாமல் என்னால் படிக்க முடியவில்லை.

இதற்கு நேர் எதிரானது இரு உடன்படிக்கைக் கொள்கை: யூதருக்கு அவர்களுடைய பழைய உடன்படிக்கையே போதும், மற்றவர்களுக்குத்தான் கிறிஸ்து வழி என்பது அது. யூதச் சிந்தனையாளர் ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக் 1913இல் ஒரு கடிதத்தில் இதற்கு வழி திறந்தார்: இயேசுவின் மூலமாகவே அல்லாமல் ஒருவரும் பிதாவிடம் வருவதில்லை என்பது சரி, ஆனால் ஏற்கெனவே பிதாவிடம் இருப்பவர் வரத் தேவையில்லை. அழகான வாதம்தான். ஆனால் பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு மனந்திரும்ப அழைத்தது யூதரைத்தானே? தன் சகோதரரான யூதருக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் ஆயத்தம் என்று ரோமர் 9இல் பவுல் துக்கப்படுகிறார். அவர்களுக்குத் தனிப் பாதை இருந்திருந்தால் அந்தத் துக்கம் எதற்கு?

19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் பரப்பிய போதனை, இஸ்ரவேலையும் சபையையும் இரண்டு ஜனங்களாகப் பிரித்து, இஸ்ரவேலுக்கான வாக்குறுதிகளை வருங்காலத்துக்கு வைக்கிறது. இதில் வாக்குறுதி காக்கப்படுகிறது, ஆனால் ரோமர் 11இல் பவுல் காட்டும் ஒலிவமரம் ஒன்றுதான், இரண்டல்ல: இஸ்ரவேலர் அதன் சுபாவக் கிளைகள், விசுவாசித்த புறஜாதியார் அதில் ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளை, வேர்தான் அவர்களைச் சுமக்கிறது.

இங்கே ஒரு தவறான பேச்சையும் விட்டுவிட வேண்டும்: 'யூதர் கிரியையால், நாம் கிருபையால்.' இயேசுவின் கால யூத மதத்தில் தேவன் அவர்களைத் தம் ஜனமாகத் தெரிந்துகொண்டதே முதலில் வந்தது, நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வது அதற்கான மறுமொழியே என்று 1977இல் புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் ஈ. பி. சாண்டர்ஸ் விரிவாக எடுத்துக்காட்டினார். யாத்திராகமத்தின் வரிசையே போதும்: செங்கடலில் மீட்பு முந்தி, சீனாயில் நியாயப்பிரமாணம் பிந்தி.

எனக்கு மனம் ஒப்புவது, 1965இல் கத்தோலிக்கச் சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ரோமர் 11ஐ முன்வைத்துத் தொடங்கிய பாதை. 2015இல் வெளியான வத்திக்கான் ஆவணம் அதைத் தெளிவாக்கியது: இரட்சிப்புக்கு இரண்டு வழிகள் இல்லை, ஆயினும் தேவனுடைய இரட்சிப்பில் யூதருக்குப் பங்குண்டு, கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடாமல் அது எப்படி நிறைவேறும் என்பது தேவ இரகசியம். இதை நழுவல் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பவுலும் இதே கேள்வியின் விளிம்பில் நின்று, தேவனுடைய வழிகள் ஆராயப்படாதவை என்று துதித்துத்தான் அதிகாரத்தை முடிக்கிறார்.

கிருபை வரங்களும் அழைப்பும் மாறாதவை என்ற ரோமர் 11இன் வசனத்தை நம் தனிப்பட்ட ஊழியங்களுக்கே பொருத்திப் பழகிவிட்டோம். பவுல் அதை எழுதியது இஸ்ரவேலைக் குறித்து. அவர்களுக்குக் கொடுத்த வாக்கே தவறிப்போகுமானால், எனக்குக் கொடுத்ததை எதன்பேரில் நம்புவேன்?

யூதரை நோக்கி அமைப்புரீதியான மிஷன் வேலையைக் கத்தோலிக்கச் சபை நடத்துவதில்லை என்கிறது அதே ஆவணம். ஆனால் தாழ்மையோடு சாட்சி பகர்வதை விட்டுவிடச் சொல்லவில்லை. காட்டொலிவக் கிளை சுபாவக் கிளையோடு பேசும்போது அந்தத் தொனியைத் தவிர வேறெது பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை.