ஜிசிசி அனலைசர் - ரொம்ப நாள் ஓட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

ஜிசிசிங்கிற கம்பைலரோட 10வது வெர்ஷன்ல, அதாவது 2020ல, எஃப்-அனலைசர்னு ஒரு ஃப்ளாக் (கம்பைலருக்குக் கொடுக்குற ஆப்ஷன்) வந்துச்சு. சி கோடுல டபுள் ஃப்ரீ (ஒரே மெமரியை ரெண்டு தடவை விடுவிக்கிறது), மெமரி லீக் (விடுவிக்காம விட்டுடுறது), ஃப்ரீ பண்ண பாயின்டரை திரும்பத் தொடுறது எல்லாத்தையும் கம்பைல் பண்ணும்போதே சொல்லிடும். எங்க சி ப்ராஜெக்ட்ல ரொம்ப நாளா இதை ஓட்டுறேன், எந்த லைன்ல அலோகேட் ஆச்சு, எந்த இஃப் வழியா போய் லீக் ஆச்சுன்னு படிப்படியா காட்டுறது இன்னமும் பிடிச்சிருக்கு.

ஸ்பீடுதான் தலைவலி. மத்த வார்னிங் மாதிரி மேலோட்டமா பாத்துட்டு போற சமாச்சாரம் இல்ல இது, ஒவ்வொரு பாதையா நடந்து பாக்கும், கூடவே எந்த பாயின்டர் எந்த நிலைமைல இருக்குன்னும் ஞாபகம் வச்சுக்கணும். வரிசையா 20 இஃப் இருந்தாலே கணக்குப்படி 10,48,576 பாதை. ரெண்டு பாதையோட ஸ்டேட், அதாவது அந்த நிலைமை, ஒத்துப்போச்சுன்னா சேத்துக்கும்தான், ஆனா மாலாக்ல மெமரி வாங்கி, நல் செக் பண்ணி, ஃபெயில் ஆனா goto போட்டு க்ளீனப்னு நாம எழுதுற கோடுல எங்க ஒத்துப்போகுது? டூல் தானா ஜெனரேட் பண்ண பார்சர் ஃபைல் இருந்தா கதை முடிஞ்சுது, லூப்புக்குள்ள ராட்சச ஸ்விட்ச், மத்த ஃபைல் எல்லாம் முடிஞ்சு இது ஒண்ணு மட்டும் ஓடிட்டே இருக்கும். பில்ட் ஓட்டுற மேக் (make) டூலுக்கு ஜே (ஒரே நேரத்துல எத்தனை வேலை ஓடலாம்ங்கிற எண்) ஏத்தி விட்டா ரேம் நிரம்பி டிஸ்க்ல இருக்குற ஸ்வாப்ல போய் உக்காந்துக்கும்.

ஆனா ஸ்லோவை விட எனக்கு கடுப்பானது வேற. பாதை அளவில்லாம பெருகக் கூடாதுன்னு உள்ள லிமிட் வச்சிருக்காங்க, ஒரு ப்ரோக்ராம் பாயின்டுக்கு (கோடுல ஒரு இடத்துக்கு) டிஃபால்ட்டா 8 நோட்தான், அதாவது 8 வேற வேற நிலைமைதான். அதைத் தாண்டினா அந்த இடத்தை அப்படியே விட்டுடும், சத்தமே வராது. டூ-காம்ப்ளெக்ஸ் வார்னிங்கை நாமளே ஆன் பண்ணாத்தான் "இங்க கைவிட்டுட்டேன்"னு சொல்லும், டிஃபால்ட்ல ஆஃப். நான் அதை ஆன் பண்ணினப்போ க்ளீன்னு வந்துட்டிருந்த ஃபைல் பாதி அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. லிமிட்டை ஏத்தலாம், பேராம் (--param) ஆப்ஷன்ல இருக்கு, ஆனா டைமும் கூடவே ஏறும், பெரிய ஃபங்ஷனை உடைச்சு எழுதினதுதான் எனக்கு அதிகமா கை கொடுத்துச்சு.

இப்போ டெவலப்பர் பில்டுல இது கிடையாது. ராத்திரி தானா ஓடுற சிஐ பில்ட் ஜாப்ல மட்டும் ஓடுது, ஜெனரேட்டட் ஃபைலுக்கு ஃப்ளாக்கை எடுத்தாச்சு, ஜேவையும் குறைச்சாச்சு. சி++ ப்ராஜெக்டுக்கு இதை நம்பி இறங்காதீங்க, சி கோடை மனசுல வச்சு செஞ்சது இது.