வாபஸ் மெமோவா, லோக் அதாலத்தா? கோர்ட் ஃபீ எதில் திரும்பும்?

மன்னார்குடிப் பக்கம் நெல் விற்ற பாக்கி 5 லட்சத்துக்கு வழக்கு என்றால், 3 சதவீதக் கணக்கில் கோர்ட் ஃபீ மட்டும் 15,000 ரூபாய். வழக்கு நடுவில் எதிராளி பணம் தர ஒத்துக்கொண்டால், அந்த 15,000 திரும்புமா என்பது வழக்கை எப்படி முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பலரும் 'வழக்கை நடத்த விருப்பமில்லை' என்று ஒரு வரி மெமோ போடுகிறார்கள். அன்றே வேலை முடியும், ஆனால் கட்டணம் திரும்பும் என்று நம்ப முடியாது. எதிராளியின் வக்கீல் ஃபீ உள்ளிட்ட செலவுத்தொகையையும் நீதிமன்றம் உங்கள் தலையில் வைக்கலாம். 'செலவுத்தொகையின்றி' என்று உத்தரவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எதிராளி பிறகு பணம் தராமல் இழுத்தடித்தாலும், மீண்டும் வழக்கு போட நீதிமன்ற அனுமதி பெறாமல் வாபஸ் வாங்கிய அதே கோரிக்கைக்கு மறு வழக்கு கிடையாது. வாபஸ் வாங்கும்போதே அந்த அனுமதி கேட்டுத் தனி மனு போட வேண்டும் (உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 23 விதி 1). இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் எழுதினால் 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி கட்டணம் திரும்பும். அந்தத் தீர்வு டிக்ரிக்கு (நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு) சமம். பணம் வராவிட்டால் புது வழக்கு வேண்டாம், அதை வசூலிக்க நேராக நிறைவேற்று மனுதான். மேல்முறையீடு மட்டும் இல்லை. அதனால் தொகை, தவணைத் தேதி, தவறினால் வட்டி எல்லாவற்றையும் எழுதிய பிறகே கையெழுத்து போடுங்கள்.

எதிராளி கையெழுத்திடத் தயார் என்றால், லோக் அதாலத் அமர்வு வரை காத்திருந்தாவது இரண்டாவது வழிக்கே போங்கள்.