வாடகை வீட்டு மராமத்து: நாலு லட்சத்தை எங்கே புரட்டுவது?

திருச்சி உறையூரில் எங்களுக்கு ஒரு மாடி போர்ஷன் உண்டு. 12,000 ரூபாய் வாடகை. சித்திரையில் குடியிருந்தவர்கள் காலி செய்ததும் உள்ளே போய்ப் பார்த்தேன். படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் பட்டியோடு உதிர்ந்தது. "இது சுவத்துல வர்ற ஓதம் இல்லண்ணே, மேல தளத்துல இருந்து இறங்குது. பெயிண்ட் அடிச்சா ஆறு மாசம் தாங்காது" என்றார் மேஸ்திரி. எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பெட்டியைக் கழற்றினார். உள்ளே ஒயர் கருகிப்போய் இருந்தது.

மொட்டைமாடித் தளத்துக்கு 1.2 லட்சம், பாத்ரூமுக்கு 1 லட்சம், ஒயரிங்குக்கு 80,000, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க 70,000, சில்லறை வேலைகளுக்கு 30,000. ஆக நாலு லட்சம். இதை எந்த வழியில் புரட்டுவது என்று இரண்டு வாரம் கணக்குப் போட்டேன். எல்லா வழிக்கும் நான் வைத்த அளவுகோல் ஒன்றே: இந்த வீட்டுச் செலவை இந்த வீட்டு வாடகையே அடைக்க வேண்டும். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தாலும் எங்கள் சமையலறைப் பட்ஜெட்டில் கை வைக்கக் கூடாது.

முதலில் தனிநபர் கடன். எனக்குச் சொன்ன வட்டி 14 சதவீதம். நாலு வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 10,930 ரூபாய், மொத்த வட்டி 1.25 லட்சத்தை ஒட்டி வரும். வாடகையில் மிஞ்சுவது ஆயிரம் ரூபாய்தான். வட்டியை விட எனக்குப் பயம் தவணைத் தேதி. சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு கடன் வாங்கிய மூன்றாம் மாதமே குடியிருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். வீடு காலி, தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் போனது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை அந்த ஜூனில் கைமாற்று வாங்கிக் கட்டினோம்.

வீட்டுக் கடன் ஏற்கெனவே ஓடுகிறவர்களுக்கு டாப்-அப், அதாவது அதே கடனின் மேல் கூடுதலாக வாங்குவது, நல்ல வழி. 9.5 சதவீதம், ஐந்து வருடம் என்றால் தவணை 8,400. ஆனால் தவணை குறைகிறதே என்று பத்து வருடத்துக்கு நீட்டாதீர்கள். 5,180 ஆகக் குறையும், வட்டியோ 1.04 லட்சத்திலிருந்து 2.21 லட்சமாக ஏறிவிடும். பத்து வருடத்துக்குள் அந்தப் பெயிண்டை இன்னொரு தடவை அடிக்க வேண்டி வரும். எனக்கு வீட்டுக் கடன் முடிந்துவிட்டதால் இந்தக் கதவு திறக்கவில்லை.

போக்கியம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் குடிவைத்து, கெடு முடிந்ததும் அதே தொகையைத் திருப்பித் தருவது. ஒத்தி, லீஸ் என்று ஊருக்கு ஒரு பெயர். தரகர் ஒருவர் மூன்று வருடத்துக்கு 8 லட்சம் பேசிக்கொண்டு வந்தார். "வட்டியே இல்லாத காசு சார்" என்றார். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வாடகை போய்விடும், வருடத்துக்கு 1.44 லட்சம். 8 லட்சத்துக்கு இது 18 சதவீத வட்டி. எனக்குத் தேவையோ நாலு லட்சம்தான். மீதி நாலு லட்சத்தை 7 சதவீத வைப்பில் போட்டால் வருடம் 28,000 வரும். அதைக் கழித்தாலும் நாலு லட்சத்துக்கு நான் கொடுக்கும் விலை வருடம் 1.16 லட்சம். 29 சதவீதம்! மூன்று வருடம் முடிந்து அவர் சாவியை நீட்டும்போது 8 லட்சத்தை எண்ணி வைக்க வேண்டும். வைப்பில் இருப்பது வட்டியோடு 4.84 லட்சம். மீதி 3.16 லட்சத்துக்கு எங்கே போவது? அடுத்த போக்கியக்காரரிடம்தான். எங்கள் தெருவிலேயே மூன்றாம் கை மாறிய வீடு இருக்கிறது. வீட்டுக்காரர் வாடகை வாங்கி வருடக்கணக்காகிறது.

இதோடு நகைக்கடனை வைத்துப் பாருங்கள். அதே நாலு லட்சம், 9.5 சதவீதம், அதே 12,000 வாடகையை மாதாமாதம் கட்டினால் மூன்று வருட முடிவில் பாக்கி 33,700 சொச்சம். 39 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும், வட்டி 66,000. வீடு காலியாக இருக்கும் மாதத்தில் வட்டியை மட்டும் கட்டி மூச்சு விடலாம். ஆனால் இடையில் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட விடுவார்களா என்று அடகு வைக்கும் முன்பே கேளுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாகத் திருப்பும் வகை என்றால் தவணைக்காலம் 12 மாதம்தான். சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்க முடியும். ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட விதிப்படி, 2.5 லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதமும், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80 சதவீதமும் வாங்கலாம். கிடைக்கிறதே என்று அவ்வளவையும் வாங்கக் கூடாது. தங்கம் விலை இறங்கினால் ஏலக் கடிதம் நம் வாசலுக்குத்தான் வரும். இன்னொன்று, அது மனைவியின் நகை. அவள் மனசார எடுத்துத் தந்தால்தான் இந்தக் கணக்கே.

சீட்டு? ஏற்கெனவே பதிவு பெற்ற சீட்டில் பாதி கட்டியிருந்தால் ஏலத்தில் எடுங்கள். இதற்காகவே புதிதாகச் சேர்ந்து முதல் மாதமே தள்ளுபடியில் எடுப்பது நஷ்டம். நிறுவனக் கமிஷனே 7 சதவீதம் வரை போகும்.

வருமான வரியில் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. வாடகையில் நாம் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைச் செலவுக்கென்று மொத்தமாகக் கழித்துக்கொள்ளலாம். நாலு லட்சத்துக்கு ரசீது வைத்திருந்தாலும் அதைத் தனியாகக் கழிக்க முடியாது. ஆனால் மராமத்துக்கு வாங்கிய கடனின் வட்டியைக் கழிக்கலாம், புதிய வரி முறையிலும் அந்த வாடகையிலிருந்து கழியும். கடன் பணம் வேலைக்குத்தான் போனது என்று காட்ட ரசீதுகள் வேண்டும். மேஸ்திரிக்கு வங்கி வழியாகவே பணம் போடுகிறேன்.

"குடிவருகிறவரையே செய்யச் சொல்லி வாடகையில் கழித்துவிடலாமே" என்றான் தம்பி. தண்ணீர் பிடிக்கும் குழாய், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வெள்ளையடிப்பு, ஒயரிங், கட்டட மராமத்து எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. கருகிய ஒயரை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் இரண்டு வழிகளைச் சேர்த்துக்கொண்டேன். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான வைப்பைத் தொடாமல், வேறொரு வைப்பை உடைத்து 1.5 லட்சம். நகையில் 2.5 லட்சம். வாடகையில் 10,000 நகைக்குப் போனால் 28 மாதத்தில் மீளும். மிச்சம் 2,000 வீட்டு வரிக்கும் அடுத்த ரிப்பேருக்கும். வைப்பு உடைந்ததில் போகும் வட்டி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வேலை தளத்திலிருந்துதான் தொடங்குகிறது. கசிவு நிற்காமல் பட்டி பார்ப்பதில்லை என்று மேஸ்திரியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். ஆவணிக்குள் மாடியில் ஓடு பதித்து, இடுக்கெல்லாம் அடைத்து, புரட்டாசியில் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கலவை காயாது.